நீரகத்தில் தண்ணீர் கிடையாது

நான் எழுதிய தமிழை ஒரு எழுத்துகூடப் பிசகாமல் பின்பற்றிய வாசகர் என் வாழ்நாளில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் தொழிற்சாலையின் காவலாளி. அந்த ஒரு வாசகரின் தயவால் மே மாத நண்பகலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரு இரும்புப் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடந்தேன்.

தொழிற்சாலை என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். அம்பத்தூர் எஸ்டேட்டில், மண்ணூர்பேட்டைப் பக்கம், ஒருபுறம் ஸ்க்ரூ செய்கிறவர்களுக்கும் மறுபுறம் பெயின்ட் அடிக்கிறவர்களுக்கும் நடுவே ஒடுங்கிய ஒரு கொட்டகை. அதற்குள் நாங்கள் ஹைட்ரஜன் தயாரிக்கிறோம். தண்ணீருக்குள் மின்சாரம் பாய்ச்சினால் அது ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும். ஆக்சிஜனைக் காற்றில் விட்டுவிட்டு ஹைட்ரஜனை அழுத்திச் சிலிண்டர்களில் அடைத்து, வாசலில் நிற்கும் வெள்ளைப் பேருந்து ஒன்றுக்கு ஊட்டுவோம். சோதனைப் பேருந்து. அதன் பின்புறக் குழாயில் புகை வராது, தண்ணீர்தான் சொட்டும். அப்படிச் சொட்டுவதைப் பார்க்க வாரம் ஒரு கூட்டம் வந்து, குனிந்து, வியந்து, டீ குடித்துவிட்டுப் போகும். உலகத்தைக் காப்பாற்றப் போகிற அந்த எரிபொருளுக்கு வேண்டிய தண்ணீர் தினமும் கரும்புகை கக்கும் டீசல் லாரியில் வந்து இறங்குகிறது. அதை யாரும் குனிந்து பார்த்ததில்லை.

எனக்கு அங்கே ஆவணப் பொறுப்பாளர் என்று பெயர். வயது ஐம்பத்திரண்டு. நிறையப் படித்தவர் என்று ஒரு பேச்சும் உண்டு. அதைப் பரப்பியது பெரும்பாலும் நான்தான். பாதுகாப்பு விதிகள் ஆங்கிலத்தில் வந்திருந்தன. தொழிலாளர்களுக்குப் புரிகிற மாதிரி தமிழில் எழுதித் தாருங்கள் என்று மேனேஜர் கேட்டுக்கொண்டார். இருபது வருடமாக இப்படி ஒரு வாய்ப்புக்குக் காத்திருந்தவன் நான். ‘தமிழில்’ என்ற சொல் காதில் விழுந்தது. ‘புரிகிற மாதிரி’ விழவில்லை.

ஹைட்ரஜன் என்றே எழுதியிருக்கலாம். பாடப்புத்தகமே அப்படித்தான் எழுதுகிறது. ஆனால் என்னிடம் அட்டை கிழிந்த பழைய கலைச்சொல் அகராதி ஒன்று இருந்தது. அதில் ‘நீரகம்’ என்று போட்டிருந்தது. நீரை உண்டாக்குவது, நீருக்குள் உறைவது, என்ன அழகு. அன்று இரவு மனைவியிடம் மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். குழாய் ரிப்பேரா என்று கேட்டாள். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

கொட்டகை வாசலில் ஆள் உயரத்துக்குப் பலகை வைத்தேன். நீல எழுத்தில் ‘நீரகம்’. அதன் கீழே, கொஞ்சம் சின்னதாக, ‘அனுமதியின்றி நுழைதல் தவிர்க்கப்படுக’. வேலிக் கதவுக்கு ஒரு பூட்டும் போடலாமே என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். பூட்டு என்பது மனிதர்களை நம்பாததன் அடையாளம், நல்ல பலகை ஒன்று பத்துப் பூட்டுக்குச் சமம் என்று பேசினேன். சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதால் எல்லோரும் தலையாட்டினார்கள். ஆபரேட்டரை ‘இயக்குநர்’ என்று எழுதினேன். காவலாளி என்னைத் தனியாக அழைத்துப் போய், அந்த ஆபரேட்டர் பொண்ணு என்ன படம் எடுத்திருக்கு சார் என்று மரியாதையுடன் கேட்டார். அவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று ஆவடியில் குடியிருப்பவர். கிண்டல் செய்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

அந்தப் பொண்ணுக்கு இருபத்து நாலு வயது. டிப்ளமோ படித்தவள், பூந்தமல்லியிலிருந்து வருகிறாள். எங்களிடம் கழுத்துப் பட்டையின் நிறத்தைப் பார்த்தே ஆளை எடைபோடலாம்: ஒப்பந்தக்காரர்களுக்கு மஞ்சள், நிரந்தரமானவர்களுக்கு நீலம். அவளுக்கு மஞ்சள். அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பாவுக்குப் பூந்தமல்லியில் ஆட்டோ, கார்களுக்கு சீட் கவர் தைக்கிற கடை. அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. கூட ஒரு ஆள் உட்கார வேண்டும். ஒரு வருடத்துக்குள் வேலை நிரந்தரமானால் கடைக்கு வேறு ஆள் போட்டுக்கொள்வது, இல்லாவிட்டால் அவளே வந்து உட்காருவது என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். அந்த மாதத்தோடு வருடம் முடிகிறது. பேருந்துக்குப் பணம் போடும் நிறுவனத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள், அது நல்லபடியாக முடியட்டும், நீலப் பட்டை என் டிராயரிலேயே இருக்கிறது என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

ஆய்வு நாளன்று காலையில் மேனேஜர் காரை எடுத்துக்கொண்டு பெங்களூர் சாலையில் ஒரு ஓட்டலில் தங்கியிருந்த விருந்தாளிகளை அழைத்துவரப் போனார். நான் ஆபரேட்டர் அறையில் புது விதித்தாள்களை ஒட்டிக்கொண்டிருந்தேன். அறை என்பது கப்பலில் வரும் இரும்புப் பெட்டி ஒன்றுக்குக் கண்ணாடியும் ஏசியும் வைத்தது. கொட்டகைக்குப் பக்கத்தில், வேலிக்கு உள்ளேயே இருக்கிறது. அந்தப் பெண் திரையைப் பார்த்தபடி பேருந்துக்கான வாயுவை ஏற்றிக்கொண்டிருந்தாள். வழக்கமான தண்ணி லாரி டிரைவர் ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டதால், பட்டாபிராமிலிருந்து மாற்று ஆள் ஒருவர் முதல்முறையாக எங்கள் வளாகத்துக்குள் லாரியோடு வந்தார்.

தொட்டி பின்பக்கம் இருக்கிறது. அவர் பின்பக்கம் போகவில்லை. இறங்கினார், பலகையை நின்று நிதானமாக வாசித்தார், வேலிக் கதவைத் திறந்தார், தடித்த ரப்பர் குழாயைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு நேராகக் கொட்டகையை நோக்கி நடந்தார். வாயில் பீடி இருந்தது. பற்றவைக்கவில்லை. கை சட்டைப் பைக்குள் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் சிவப்புப் பொத்தானை அடித்தாள்.

எல்லாம் ஒரே மூச்சில் நின்றது. மின்சாரம் போயிற்று, கூரைக் குழாய் வழியாக அத்தனை வாயுவும் பெரிய பெருமூச்சாக வெளியேறியது, சைரன் அலறியது. அவள் கதவோரம் மாட்டியிருந்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, அதை முன்னால் நீட்டியபடி, ஓடினாள்.

துடைப்பத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஹைட்ரஜனுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை, எரிந்தால் பகலில் சுடர்கூடக் கண்ணுக்குத் தெரியாது. அதனால் எங்காவது பற்றியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நடக்க வேண்டும். துடைப்பம் எரிந்தால் அங்கே நெருப்பு. கோடிக்கணக்கில் செலவிட்ட இடத்தில் இதுவும் ஒரு கருவி. அந்தப் பெண் விதிப்படிதான் செய்தாள். ஆனால் லாரிக்காரர் பார்வையில், முன்பின் தெரியாத பெண் ஒருத்தி துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு தன்மேல் பாய்ந்து வருகிறாள். மனிதர் குழாயைப் போட்டுவிட்டு, அவளைச் சுற்றிக்கொண்டு ஓடி, கண்ணில் பட்ட முதல் கதவுக்குள் நுழைந்தார். அது எங்கள் பெட்டி. பின்னாலேயே அவளும் வந்தாள். வெளியே காவலாளி வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

நான் கண்ணாடியைத் தட்டினேன். காவலாளி விறைப்பாக ஒரு சல்யூட் வைத்துவிட்டு, வெளிப்பக்கம் ஒட்டியிருந்த விதித்தாளில் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார். காலையில் நானே ஒட்டியது. ‘அபாய மணி ஒலித்தபின் மேலாளர் எழுத்து மூலம் அனுமதிக்கும் வரை கதவு திறக்கப்படலாகாது.’ ஆங்கிலத்தில் வெளியிலிருந்து யாரும் உள்ளே போகக் கூடாது என்றுதான் இருந்தது. அந்த ‘வெளியிலிருந்து’ என் வாக்கியத்தின் ஓசையைக் கெடுத்ததால் எடுத்துவிட்டேன். ஒற்றைச் சொல்லைத் தூக்கியதில் மூன்று பேர் உள்ளே.

செல்போன்கள் வாசலில் காவலாளியின் பெட்டியில் இருந்தன. வேலிக்குள் கொண்டுவரக் கூடாது, அதுவும் விதி. அவர் மேனேஜருக்குப் போன் செய்துவிட்டு, ஒரு தாளில் எழுதிக் கண்ணாடியில் வைத்துக் காட்டினார்: ‘சார் சென்னீர்குப்பத்தில் டிராபிக்கில் உள்ளார்.’

கரண்ட் இல்லாததால் ஏசி இல்லை. இரும்புப் பெட்டி மே மாத வெயிலில் என்ன செய்யுமோ அதைச் செய்ய ஆரம்பித்தது. லாரிக்காரர் ஒரு மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். அவருக்கு என் வயதுதான் இருக்கும். வெப்பத்தைவிட அவரை வாட்டியது துடைப்பம்தான். கட்டின பெண்டாட்டிகூட அதைத் தன்பக்கம் தூக்கியதில்லை என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். அந்தப் பெண் நெருப்பு, சுடர், விதி என்று விளக்கினாள். கண்ணுக்குத் தெரியாத நெருப்பு என்றதும் அவர் என்னைப் பார்த்தார். பைத்தியக்காரர்களோடு மாட்டிக்கொண்ட ஒருவனின் பார்வை அது.

உள்ளே ஏன் போனீர்கள், பலகை இருக்கிறதே என்று நான் கேட்டேன். கொஞ்சம் அதட்டலாகவே கேட்டேன் என்று நினைக்கிறேன்.

“பலகையப் பாத்துதானே அண்ணாத்தே போனேன்” என்றார். “நீரகம்னு இம்மாம் பெருசா எய்தி வெச்சிகீது. நீர், அகம். தண்ணி ஊடு. தண்ணி லாரிக்காரன் தண்ணி ஊட்டுக்குப் போவாம வேற எங்க போவான்?”

பீடி பற்றிக் கேட்டேன். தண்ணி இருக்கிற இடத்தில் நெருப்பால் என்ன ஆகிவிடும், அதைவிடப் பத்திரமான இடம் உண்டா என்றார். எட்டாவது வரைதான் படித்தாராம். தமிழில் மட்டும் பாஸ். சொல்லைப் பிரித்து எழுதுவதென்றால் வகுப்பில் அவர்தான் முதலாம்.

நானும் பிரித்துப் பார்த்தேன். நீர், அகம். பிரிப்பு சரி, பொருளும் சரி. இத்தனை வருடத்தில் என் சொல் ஒன்றை நின்று வாசித்து, பிரித்து, பொருள் கொண்ட ஒரே மனிதர் எதிரில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரால் பேருந்துக்கு இன்று எரிபொருள் இல்லை. மறுபடி எல்லாவற்றையும் சுத்தம் செய்து ஓட்ட நாளைக்கு ஆகிவிடும். விருந்தாளிகள் குனிந்து பார்க்க ஒரு சொட்டும் இருக்காது.

அந்தப் பெண் சொன்னாள்: “ரூல் பன்னெண்டு, சார்.”

புரியாத மாதிரி பார்த்தேன். அவள் ஒப்பித்தாள். “அந்நியர் நுழையின், பணியிலுள்ள இயக்குநரே பொறுப்பேற்பார்.” பிறகு, “நீங்கதான் சார் ஆய்வுக்காக மனப்பாடம் பண்ணச் சொன்னீங்க” என்றாள். குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. பன்னிரண்டாவது விதி இருக்கிறது, அதில் என் பெயர் இல்லை. நிம்மதிக்குப் பின்னால்தான் மற்றதெல்லாம் வந்தது, மெதுவாக, வியர்வையோடு சேர்ந்து. பலகை என்னுடையது. தாழ்ப்பாள் போட்ட வாக்கியம் என்னுடையது. அவளை மாட்டிவிடுகிற வாக்கியமும் என்னுடையது. ‘பொறுப்பேற்பார்’ என்ற சொல்லுக்காக ஒரு சனிக்கிழமை முழுவதும் யோசித்திருக்கிறேன்.

காவலாளி மறுபடியும் தாளைக் காட்டினார். ‘சார் சென்னீர்குப்பம்.’ இந்த முறை டிராபிக் என்ற சொல்லைக்கூட விட்டுவிட்டார். தாகமாக இருந்தது. பெட்டிக்குள் குடிக்கத் தண்ணீர் கிடையாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லாரி நின்றது. அதன் அடி வால்விலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகி மண்ணில் ஒரு வட்டம் பெரிதாகிக்கொண்டே போயிற்று. மூன்று பேரும் அதையே பார்த்தோம். ஒரு லாரி தண்ணியக் கொண்டாந்து வாசல்ல வெச்சிட்டு நாக்கு வறண்டு சாவப் போறேன் என்றார் லாரிக்காரர். அந்தப் பெண் முதல்முறையாகச் சிரித்தாள். பிறகு நிறுத்திக்கொண்டு, சீட் கவர் கடையில் ஃபேன் இருக்கிறது, ஆனால் ரெக்சின் வாசனை தலைமுடி வரைக்கும் ஏறிவிடும் என்றாள். யாரும் கேட்காமலே சொன்னாள். கடைக்குள் உட்கார்ந்தால் ரோடு முழுக்கத் தெரியுமாம். எல்லா வண்டியும் எங்கேயாவது போய்க்கொண்டே இருக்குமாம்.

என்னுடைய இன்னொரு படைப்பும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது: நிகழ்வுப் படிவம். நேரம், இடம், காரணம், பொறுப்பு என்று நான்கு கட்டங்கள். சம்பவம் நடந்த இடத்திலேயே ஆவணப் பொறுப்பாளர் நிரப்ப வேண்டும். பேனாவை எடுத்தேன். நேரம் எழுதினேன், இடம் எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் ‘அந்நியர் நுழைவு’ என்று எழுதினேன். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. பொறுப்பு என்ற கட்டத்துக்கு வந்தபோது பேனா அங்கேயே நின்றது. அந்தப் பெண் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள், படிவத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகவே.

“இன்னா எய்தின, படி” என்றார் லாரிக்காரர்.

படித்தேன்.

“அந்நியருன்னா நானா?” என்று கேட்டுவிட்டு யோசித்தார். “செரி, நான்தான் போனேன். எம் பேரப் போட்டுக்க. எங்க ஓனரு என்னா, திட்டுவாரு, நாளைக்கு வேற ஊட்டுக்கு லோடு அடிக்கச் சொல்லுவாரு. ஆனா அண்ணாத்தே, பலகையப் பத்தி ஒண்ணியும் காணோமே. அத எய்துன ஆள் யாரு?”

அந்தப் பெண் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்குத் தெரியும். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ஒப்பந்தக்காரர்களுக்கு இந்தப் பழக்கம் சீக்கிரம் வந்துவிடுகிறது.

நான்தான் என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நல்ல சொல்லுதான், எடம்தான் தப்பு, உங்க தண்ணித் தொட்டி மேல வெச்சிருந்தா ஜோரா இருந்திருக்கும் என்றார். எனக்குக் கிடைத்த விமர்சனங்களிலேயே மிகச் சரியானது இதுதான்.

அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இன்னொன்று எடுத்தேன். காரணம்: வாசல் பலகை. அதில் உள்ள ‘நீரகம்’ என்ற சொல்லைத் தண்ணீர் இருக்கும் இடம் என்று லாரி ஓட்டுநர் சரியாகப் புரிந்துகொண்டார். ‘சரியாக’ என்பதை எழுதக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆபரேட்டர் உடனே இயந்திரத்தை நிறுத்தியதால் விபத்து இல்லை. பொறுப்பு: பலகையை எழுதியவர். என் கையெழுத்து. வியர்வை சொட்டி மை கொஞ்சம் பரவிவிட்டது.

மேனேஜர் வந்து சேர்ந்தபோது நாங்கள் மூவரும் வெந்து முடித்திருந்தோம். காவலாளி அவரிடம் ஒரு தாளை நீட்டி அனுமதியை எழுதி வாங்கி, கையெழுத்தை ஒருமுறை சரிபார்த்துவிட்டுத் தாழ்ப்பாளைத் திறந்தார். விருந்தாளிகள் இரண்டு பேர், ஹைதராபாத்காரர்கள். தலைமை ஒரு அம்மாள். அவர்கள் அசையாமல் நிற்கும் பேருந்தைப் பார்த்தார்கள், பிறகு பெட்டிக்குள்ளிருந்து ஈரத்தோடு இறங்கிய மூன்று பேரைப் பார்த்தார்கள்.

மேனேஜர் படிவத்தைப் படித்தார். என்னை ஓரமாக இழுத்துப்போய்த் தாழ்ந்த குரலில் பேசினார். கெட்ட மனிதரில்லை, அவருடைய பிழைப்பும் மேலே வேறு யாருடைய டிராயரிலோ இருந்தது.

“ஒரு வார்த்தையால பிளான்ட் நின்னுச்சுன்னு எப்படி சார் அனுப்புவேன்? சிரிப்பாங்க. ஆபரேட்டர் கவனக்குறைவுன்னு ஒரு வரி போடுங்க, மூடிடலாம். அதுக்குத்தான் பன்னெண்டாம் ரூல் எழுதி வெச்சிருக்கீங்க.”

முடியாது என்று சொன்னேனா, முடியுமா என்று யோசிக்கிற மாதிரி நின்றேனா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. அதற்குள் அந்த அம்மாள் பலகைக்கு முன்னால் போய் நின்றிருந்தார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். மேனேஜர் இங்கிருந்தபடியே எரிச்சலுடன், நீரகம் என்றார். அந்த அம்மாள் யோசிக்கவே இல்லை. தெலுங்கிலும் நீர் நீர்தானே. “ஓ, வாட்டர் டேங்க்கா?” என்று கேட்டுவிட்டு, பையிலிருந்து தன் காலி பாட்டிலை எடுத்து, எங்கே பிடிக்கலாம் என்கிற மாதிரி வேலிக் கதவைத் திறக்கப் போனார்.

மேனேஜர் ஓடிப்போய்த் தடுத்தார். திரும்பி வந்து படிவத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதை மாற்றச் சொல்லி அப்புறம் ஒருபோதும் கேட்கவில்லை. லாரிக்காரர் ஒரு ஓரத்தில் நின்று, வாயிலிருந்த பற்றவைக்காத பீடியை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார்.

நீலப் பட்டை உடனே வரவில்லை. ஆய்வு நல்லபடியாக முடியவில்லை அல்லவா. மறு ஆய்வு, மறு கடிதம் என்று இழுத்தது. நடுவில் ஐந்து மாதம் மஞ்சள் பட்டையே நீண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கடையில் உட்கார்ந்தாள். திங்கட்கிழமை வரும்போது ரெக்சின் வாசனை வந்தது உண்மைதான். மழை தொடங்கிய வாரத்தில் ஒருநாள் கழுத்தில் நீலத்தோடு வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். கடைக்கு ஆள் போட்டுவிட்டார்களா என்று கேட்டேன். போட்டாச்சு சார், அத்தாவுக்கு அவன் நூல் கோக்கிறது பிடிக்கலை என்றாள்.

பழைய பலகை இப்போது பின்பக்கத் தொட்டியின் மேல் இருக்கிறது. லாரிக்காரர் சொன்ன இடம். கொட்டகை வாசலில் புதுப் பலகை: ‘ஹைட்ரஜன் கேஸ். பீடி, சிகரெட், தீப்பெட்டி கூடாது. தண்ணி லாரி பின்னாடி போகவும்.’ பூட்டும் போட்டாயிற்று. விதிகளைத் தமிழில் எழுதும் வேலை என்னிடமிருந்து எடுக்கப்பட்டு அந்தப் பெண்ணுக்குப் போய்விட்டது. எனக்கு வேறு வேலை கொடுத்தார்கள். தினமும் காலையில் லாரி வரும்போது தொட்டியருகே நின்று, குழாய் சரியான வாயில்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முக்கால் மணி நேரம். எஞ்சின் உறுமும், டீசல் புகை முகத்தில் அடிக்கும், நகர முடியாது. சில நாட்களில் பட்டாபிராம்காரரே வருவார். துடைப்பக்காரத் தங்கச்சி எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, பலகையை அண்ணாந்து பார்த்து, நீர், அகம் என்று ஒருமுறை பிரித்துச் சொல்லிக்கொள்வார்.

நகரக் கூடாது என்பதற்கு எதிர்ச்சுவரில் விதி ஒட்டியிருக்கிறது. அவள் எழுதியது, ஒரே வரி. அதில் வேறு பொருள் கொள்ள இடம் இருக்கிறதா என்று தினமும் படித்துப் பார்க்கிறேன். இல்லை. ‘தண்ணி ரொம்புற வரைக்கும் சார் இங்கதான் நிக்கணும்.’